ஒருக்களித்த கப்பல்

ஜூலை 2

அக்காவுக்கு,

போனில் கூப்பிட்டால் நீ எடுப்பாய். எடுத்த பிறகு நான்தான் ஒன்றும் சொல்லாமல் நிற்பேன். அதனால் எழுதுகிறேன். பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, படித்துவிடு.

புயல் போய்விட்டது. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமாவின் டைவிங் கடைத் தகரம் மட்டும் பறந்து பக்கத்துப் பட்டறையின் கூரைமேல் உட்கார்ந்திருந்தது. பட்டறைக்காரர், "இது எனக்கு வேணும்னு நான் கேட்டனா?" என்று சண்டைக்கு வந்தார். கடைசியில் அவரே இறக்கிக் கொடுத்து, ஆணியும் அடித்துவிட்டுப் போனார். சிலிண்டருக்குக் காற்றடிக்கும் காத்தண்ணன், ரப்பர் உடைகள் எல்லாம் நனைந்துவிட்டன என்று புலம்பினார். "அது நனையறதுக்குத்தானேப்பா இருக்கு" என்றாள் அம்மா. அவர் அன்று முழுக்க அம்மாவோடு பேசவில்லை.

கப்பலைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

கப்பல் இருக்கும் இடத்துக்கு அடையாளமாகக் கட்டியிருந்த மிதவை அறுந்து போயிருந்தது. மாமாவும் காத்தண்ணனும் இறங்கிப் பார்த்தார்கள். மேலே வந்த மாமா படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஏறவே இல்லை. அவராகவே சொன்னார்: "படுத்துட்டா."

வருகிறவர்களிடம் எல்லாம் காத்தண்ணன் பெருமையாகச் சொல்வாரே: போரில் ஆட்களையும் பீரங்கிகளையும் சுமந்த கப்பல், குண்டுக்குத் தப்பிய கப்பல், வயதான பிறகு மீன்கள் குடியிருக்கட்டும் என்று அரசாங்கமே கதவுகளைக் கழற்றி, இரண்டு பக்கமும் வாசல் வெட்டி மூழ்கடித்த கப்பல், கடலடியில் கட்டடம் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது என்று. இனிமேல் கடைசி வரியை மாற்றிச் சொல்லவேண்டும். புயல் அதை வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டது.

வருவதாக இருந்தவர்கள் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். உள்ளே கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை என்று மாமா சொல்கிறார். உன் பெயரை அவர் எடுக்கவில்லை. இந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்தக் கோடையிலிருந்து மாமா என்னையும் தண்ணீரில் இறக்குகிறார். கரையோரப் பாறைகளில்தான் பழகினேன். கப்பலுக்குப் புயலுக்குப் பிறகுதான் முதல் தடவையாகப் போனேன்.

தங்கை


ஜூலை 9

ரேடியோவுக்கு,

வாயே திறக்காதவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்த மாமா, எழுதச் சொல்லியிருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார். இவ்வளவு எழுத வருகிறது. வகுப்பில் எழுந்து நின்று ஒரு பத்தி வாசிக்கச் சொன்னதற்காகப் பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டாய்.

"அவளப் படகுல ஏத்துனா நான் இறங்கிடுவேன்" என்று மாமாவிடம் சொன்னேன். ஏற்றினார். இறங்கினேன். சும்மா மிரட்டுகிறாள் என்று நினைத்திருப்பீர்கள். நான் போன பிறகு உன்னைக் கடலிலும் இறக்கியாயிற்று. நல்லது.

நான் ஏன் வேண்டாம் என்றேன் என்று உனக்குத் தெரியும். நான் படிப்பை விட்டது அப்பா போன பிறகு வேறு வழியில்லாமல். உனக்கு வழி இருந்தது. ஆழத்தில் இறங்கி இறங்கி என் இடது காதில் இன்னும் கொசு பாடிக்கொண்டிருக்கிறது. குளிர்காலத்தில் முட்டி மடங்குவதில்லை. நம் வீட்டில் ஒருத்தியாவது நாற்காலியில் உட்கார்ந்து, காய்ந்த உடுப்போடு வேலை பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

நான் இப்போது வேலை பார்க்கும் இந்த ஓட்டலின் நீச்சல் குளத்தில் மிக ஆழமான இடம் என் கழுத்துவரை வரும். பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கவேண்டும், ஏற்றவேண்டும், அவர்களுடைய அம்மாக்களுக்குப் பதில் சொல்லவேண்டும். அதுதான் வேலை. மருந்து வாடை தலைமுடியை விட்டுப் போவதில்லை.

ஒன்றை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள். கப்பலுக்குள் போகாதே. வெளியே சுற்றிவிட்டு வா. நான் கெஞ்சவில்லை, சொல்கிறேன். உள்ளே வண்டல் கிளம்பினால் உன் கை உனக்குத் தெரியாது. அப்போது வழி மனப்பாடமாக இருக்கவேண்டும். எனக்கு இருக்கிறது: பின்பக்கப் படிக்கட்டு, சாப்பாட்டு அறை, நீண்ட நடை, நடை முடிந்ததும் எஞ்சின் அறை, எஞ்சினைத் தாண்டி வலக்கைப் பக்கம் வெட்டிய வாசல், வெளியே. மாஸ்க்கில் கறுப்புத்தாள் ஒட்டிக்கொண்டு நம் வீட்டுக்குள்ளேயே நடந்து நடந்து பழகினேன். அடுப்படிதான் எஞ்சின் அறை. "எண்ணெய் காயுதுடி, போய்த் தொலை" என்று அம்மா கரண்டியால் தட்டுவாள், அதையும் கணக்கில் வைத்துத் திரும்புவேன்.

அப்படி வந்த வழி அது. பார்த்துப் போய்விட முடியாது.

அக்கா


ஜூலை 17

அக்காவுக்கு,

கடிதம் வந்ததில் அம்மாவுக்குச் சந்தோஷம். "என்ன எழுதியிருக்கா?" என்றாள். "திட்டியிருக்கா" என்றேன். "அப்ப நல்லாத்தான் இருக்கா" என்றாள்.

நான் ஒரு பத்திக்காகப் பள்ளிக்கூடத்தை விடவில்லை. தினமும் ஒரு பத்தி இருந்தது.

உன் கடிதம் வருவதற்கு முன்பே மாமாவோடு கப்பலுக்குள் போய்விட்டு வந்துவிட்டேன். வந்த பிறகு போகவில்லை. பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

நீ எழுதியிருந்த எல்லாம் அங்கே இருக்கிறது. ஆனால் எதுவும் அதனதன் இடத்தில் இல்லை. படிக்கட்டு பக்கவாட்டில் சீப்பு மாதிரி நிற்கிறது, அதில் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. சாப்பாட்டு அறையில் மேசைக்கால்கள் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின்மேல் கடற்பஞ்சு பூத்திருந்தது அப்படியே இருக்கிறது, ஆனால் இப்போது பக்கவாட்டில் பூத்திருக்கிறது. நடை உன் காலத்தில் ஒடுக்கமாக, உயரமாக இருந்திருக்கும். இப்போது அகலமாக, தாழ்வாக இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் நுழைவதுபோல் போகவேண்டும். ஒரு பக்கத்து அறைகள் எல்லாம் கீழே கிணறாகிவிட்டன. இன்னொரு பக்கத்து அறைகள் தலைக்கு மேலே பரண் மாதிரி இருக்கின்றன. ஒரு பரணில் பெரிய கலவா மீன் ஒன்று குடியிருக்கிறது. எங்களைப் பார்த்ததும் வாடகை கேட்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

முக்கியமானது இதுதான். நீ சொல்லும் வலப்பக்கத்து வாசல் மணலுக்குள் போய்விட்டது. அதற்கு நேர் எதிரே இடப்பக்கத்தில் வெட்டிய வாசல் இப்போது எஞ்சின் அறைக்குக் கூரையில் இருக்கிறது. அதன் வழியாக வெயில் உள்ளே விழுகிறது.

உள்ளே மாமாவுக்குத் தலை சுற்றியது. "செவுரு மேல நடக்குற மாதிரி இருக்கு. வா போயிடலாம்" என்று மேலே வந்து சொன்னார். வாந்தியும் எடுத்தார். எனக்குச் சுற்றவில்லை. நான் அதை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. எனக்கு அது இப்படியே பிறந்த கப்பல்.

தங்கை


ஆகஸ்ட் 1

ரேடியோவுக்கு,

மாமா போன் செய்தார். இத்தனை மாதத்தில் முதல் தடவை.

"என்னம்மா, நல்லாருக்கியா?"

"இருக்கேன்."

"குளம் எப்படி?"

"சுத்தமா இருக்கு."

"மீனுண்டா?"

"பிள்ளைங்க உண்டு."

இப்படியே கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு விஷயத்துக்கு வந்தார். கடல் ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் வருகிறார்களாம். புயலுக்குப் பிறகு கப்பலுக்குள் என்னென்ன பிழைத்திருக்கிறது என்று பார்க்கவேண்டுமாம். "உள்ள கூட்டிட்டுப் போக உன்ன விட்டா யாரு இருக்கா?" என்றார்.

"அதான் ரேடியோ இருக்காளே."

"அவளுக்கு இன்னும் வயசு பத்தாது. வழி தெரியுது, வாய் வரமாட்டேங்குது. இறங்குறதுக்கு முன்னாடி படகுல நின்னு எல்லாருக்கும் விளக்கிச் சொல்லணும்ல. அவ எந்திரிச்சு நின்னா நின்னுக்கிட்டே இருப்பா. நாங்களும் பாத்துக்கிட்டே இருக்கணும்."

வருகிறேன் என்றேன். இரண்டு நிபந்தனை போட்டிருக்கிறேன். ஒன்று, நீ இனிமேல் தண்ணீரில் இறங்கக்கூடாது. இன்னொன்று, இந்த வருஷம் தனித்தேர்வு எழுதவேண்டும். மாமா இரண்டுக்கும் சரி என்றார். உன்னைக் கேட்டாரா என்று நான் கேட்கவில்லை.

ஆராய்ச்சிக்காரர்கள் வருவதற்கு முன்னால் நானும் காத்தண்ணனும் ஒருமுறை இறங்கிப் பார்ப்போம். அன்றைக்குப் படகில் வேண்டுமானால் இரு. மாற்று சிலிண்டரைத் தயாராக வை. அவ்வளவுதான்.

கப்பல் படுத்திருக்கிறது என்று திரும்பத் திரும்ப எழுதுகிறாய். அம்மா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தால் வேறு ஆளாகிவிடுவாளா?

அக்கா


ஆகஸ்ட் 8

அக்காவுக்கு,

மாமா என்னிடம் சொன்னார். நான் கடை வாசலில் சிலிண்டர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். "அக்கா வந்தா நீ கரையோட நின்னுக்கணுமாம். உனக்குச் சரிதானா? ஏதாவது சொல்லு" என்றார். நான் கழுவிக்கொண்டே இருந்தேன். "சரி, சரின்னு எடுத்துக்கறேன்" என்று போய்விட்டார்.

சரி இல்லை. அதை உனக்குத்தான் எழுத முடிகிறது.

தேர்வு எழுதுகிறேன். எழுதுவதுதானே, வாசிக்கச் சொல்லமாட்டார்களே. கரையில் என்ன வேலை சொன்னாலும் செய்கிறேன். தண்ணீரை மட்டும் எடுத்துவிடாதே.

கீழே எல்லோரும் ஊமை. நன்றாகப் பேசுகிறவர்களும் அங்கே கையைத்தான் ஆட்டவேண்டும். போன மாதம் பாறைப் பக்கம் ஒரு வக்கீல் வந்திருந்தார். படகில் ஒரு நிமிடம்கூட வாயை மூடவில்லை. கீழே போனதும் ஒரு நட்சத்திர மீனைக் காட்டுவதற்கு என்ன பாடுபட்டார் தெரியுமா. கீழே இருக்கும்போது, எனக்குக் கூச்சம் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வருவதில்லை. மேலே வந்து மாஸ்க்கைக் கழற்றியதும் ஞாபகம் வந்துவிடுகிறது.

ஆனாலும் நீ வா. நான் இறங்காவிட்டாலும் நீ வரவேண்டும். அம்மா உன் தலையணைக்கு உறை மாற்றி வைத்திருக்கிறாள்.

ஒருக்களித்துப் படுத்தாலும் அம்மா அம்மாதான். ஆனால் எந்தக் கை அடியில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளவேண்டும். கப்பலுக்கு வலது கை அடியில் இருக்கிறது. உள்ளே போகும்போது கயிற்றுச் சுருளை வாசலில் கட்டி அவிழ்த்துக்கொண்டே போ. வழி தவறினால் கயிற்றைப் பிடித்துத் திரும்பிவிடலாம். இதை உனக்கு நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். சொல்லிவிட்டேன்.

தங்கை


ஆகஸ்ட் 27

தங்கச்சிக்கு,

ஊரிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் ஓட்டலுக்குக் கிளம்பி வந்துவிட்டேன் என்று அம்மா போனில் அழுதாள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொன்னேன். உனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொல்லப்போவதில்லை.

உன் கடிதத்தைப் படித்திருந்தேன். ஊருக்கு வரும் வழியில் இன்னொரு தடவையும் படித்தேன். கயிற்றுச் சுருளைக் காத்தண்ணன் நீட்டினார். "என் வீட்டுக்குள்ள போறதுக்கு எனக்குக் கயிறா அண்ணே?" என்றேன். நீ படகின் அந்தக் கோடியில் உட்கார்ந்து அதைக் கேட்டாய். முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அதையும் பார்த்தேன்.

காத்தண்ணன் பின்பக்கம் வெளியே நின்றார். நான் மட்டும் உள்ளே போனேன். நடையின் முடிவுவரை ஒன்றும் இல்லை. நீ எழுதியது போலவே இருந்தது. சிரிப்புக்கூட வந்தது. எஞ்சின் அறைக்குள் நுழையும்போது காலில் எதுவோ பட்டு வண்டல் கிளம்பியது. டார்ச் வெளிச்சம் பாலாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். அதுதான் என் பழக்கம், கண்ணை மூடினால்தான் எனக்கு வழி தெரியும். மூடியதும் கப்பல் எழுந்து நிமிர்ந்து நின்றுவிட்டது.

எஞ்சினைத் தடவிக்கொண்டே தாண்டினேன். வலக்கைப் பக்கம் திரும்பினேன். காது அடைத்தது. கீழே போகிறாய் என்று காது சொன்னது. நான் காதை நம்பவில்லை, கையை நம்பினேன். கையில் வாசலின் விளிம்பு தட்டியது. பல தடவை பிடித்த விளிம்பு. அதைத் தாண்டிக் கையை நீட்டினேன். மணல்.

வாசலில் கொஞ்சம் மணல் அடைத்திருக்கிறது என்று நினைத்துத் தோண்டினேன். உன் கடிதம் நினைவுக்கே வரவில்லை. படித்ததெல்லாம் தலையில் இருந்தது, வழி கையில் இருந்தது. தோண்டத் தோண்ட மணல் சரிந்து வந்தது. மூச்சு வேகமாகப் போயிற்று. சிலிண்டரில் மிச்சக் காற்றைக் காட்டும் முள்ளைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் வைத்துப் பார்த்தேன். சிவப்பில் நின்றது.

அப்போது தோளில் ஏதோ விழுந்தது. மீன் என்று தட்டிவிட்டேன். மறுபடியும் வந்து விழுந்தது. பிடித்தேன். கயிறு. ஒருமுறை இழுத்தேன். அந்தப் பக்கமும் ஒருமுறை இழுத்தது. பிறகு மேலே தூக்கியது. மேலே வாசல் கிடையாது, மூடிய கூரைதான் என்று அந்த நேரத்திலும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். இருந்தாலும் போனேன்.

படகில் ஏறிய பிறகு நீ என்னைப் பார்க்கவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாய். "சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திட்டிவிட்டு அங்கேயே இருந்திருப்பேன். நீ அதையும் சொல்லவில்லை.

நான் இனி வரமாட்டேன் என்று மாமாவிடம் சொல்லிவிடு. ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். உனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. தண்ணீரை வைத்துக்கொள்.

அக்கா


செப்டம்பர் 4

அக்காவுக்கு,

எனக்கு வேண்டியது கிடைக்கவில்லை. அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தது என் கை நடுங்கியதால். சும்மா வைத்திருந்தால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். "சொன்னேன்ல" என்பது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன், அது வேறு விஷயம்.

மேலே நடந்தது உனக்குத் தெரியாது. கடல் அன்று தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி இருந்தது. உன் மூச்சுக்குமிழ்கள் கப்பலின் துருப்பிடித்த ஓட்டைகள் வழியாகக் கசிந்து மேலே வந்துகொண்டிருந்தன. காத்தண்ணனுடையவை பெரிய பெரிய குமிழ்கள். உன்னுடையவை பொடிப்பொடியாக, சோடா மாதிரி. அவை நகர்ந்துபோவதை வைத்து நீ நடையில் வருகிறாய், எஞ்சின் அறைக்குள் நுழைகிறாய் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எஞ்சினைத் தாண்டியதும் அவை ஒரே இடத்தில் நின்றன. பொடியாக வந்தவை திடீரென்று பெரிதாக, நிறைய வந்தன. கூரை வாசல் வழியாக நேராக வருகின்றன என்று புரிந்தது. நீ அந்த வாசலுக்கு நேர் கீழேதான் இருந்தாய். ஆனால் மேலே வரவில்லை.

நான் மாமாவிடம், "அக்கா வலப்பக்கம் போயிட்டா" என்றேன். மாமா என்னையே பார்த்தார். சொன்ன விஷயத்துக்காகவா, நான் பேசினேன் என்பதற்காகவா தெரியவில்லை. "போம்மா" என்றார். மாற்று சிலிண்டரை மாட்டிக்கொண்டு, படகில் கிடந்த, நுனியில் எடை கட்டிய கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

நீ கப்பலுக்குள் போகாதே என்று எழுதியிருந்தாய். போகவில்லை. கூரை வாசலின் விளிம்பில் படுத்துக்கொண்டு கயிற்றை மட்டும் உள்ளே விட்டேன். உன் குமிழ்கள் என் முகத்தில் பட்டன. உன் தலை தெரியவில்லை. நீ கயிற்றைத் தட்டிவிட்டாய். கோபம் வந்தது. மறுபடியும் விட்டேன்.

ஊரில் யாருக்கும் தெரியாது. நான் யாரிடம் சொல்வேன்? காத்தண்ணன் சொல்லமாட்டார், சொன்னால் அப்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்பார்கள். மாமா அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

இப்போது கடைசி விஷயம். மாமா கப்பலை மூடப்போகிறார். வாசல்களில் எல்லாம் கம்பிவலை அடிக்கச் சொல்லிப் பட்டறைக்காரரிடம் பேசிவிட்டார். ஆராய்ச்சிக்காரர்களுக்கு வெளியே மட்டும் சுற்றிக் காட்டுவாராம். "உள்ள போன வரைக்கும் போதும். எனக்கு ரெண்டு பொண்ணும் வேணும்" என்றார். வலை அடித்துவிட்டால் அதோடு சரி. எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை. கலவாவுக்கு மட்டும்தான்.

நான் யோசித்ததைச் சொல்கிறேன். எனக்கு வயது பத்தாது, வாயும் பத்தாது. உனக்கு இரண்டும் இருக்கின்றன. நீ வந்து மேலே பேசு. கீழே நான் முன்னால் போகிறேன், உள்ளே கயிறு கட்டிக்கொண்டு. நீ கூடவே வா. பொறுப்பு உன் பெயரில் இருக்கட்டும். இதற்கு மாமா ஒத்துக்கொள்வார். நீ ஒத்துக்கொள்வாயா என்பதுதான் தெரியவில்லை.

தங்கை


செப்டம்பர் 11

தங்கச்சிக்கு,

அந்தக் கயிற்றை மறுபடியும் விட்டாயே, அதற்குக் கோபம்தான் காரணம் என்று எழுதியிருக்கிறாய். நல்ல கோபம்.

நேற்று குளத்தில் யாரும் இல்லாதபோது மாஸ்க் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒருக்களித்து நீந்திப் பார்த்தேன். வலப்பக்கம் கீழே, இடப்பக்கம் மேலே என்று சொல்லிக்கொண்டே. சுவரில் முட்டிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் மேனேஜர் குனிந்து நிற்கிறார். "உடம்பு சரியில்லையா மேடம்?" என்றார். "கப்பல் சரியில்ல சார்" என்றேன்.

நிமிர்ந்து நின்ற அந்தக் கப்பலை என்னால் மறக்கமுடியவில்லை. நான் மறக்காதவரை அதற்குள் முன்னால் போகக்கூடாது. இதை ஒத்துக்கொள்ள எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. உனக்கு முன்னால் போகத் தெரியும். பின்னால் வருவதற்கு நான் இருக்கிறேன். பயந்து கட்டிக்கொள்கிறவர்களை மூழ்காமல் பிடித்துவைப்பதுதான் இங்கே முழுநேர வேலை என்பதால் அது இப்போது நன்றாகவே வருகிறது.

மாமாவிடம் பேசிவிட்டேன். வலையை நிறுத்தி வைக்கிறேன் என்றார். முதலில் நாம் இரண்டு பேரும் மட்டும் போய்வரவேண்டும், அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் என்றார். நியாயம்தான்.

ஆனால் படகில் நான் வாயைத் திறக்கமாட்டேன். நீதான் சொல்லவேண்டும். உன்னைப் பழிவாங்குவதற்காகச் சொல்லவில்லை, கொஞ்சம் அதுவும் இருக்கலாம். இருட்டுக்குள் ஒருத்தியை நம்பிப் பின்னால் போகிறவர்கள் அவள் குரலை ஒரு தடவையாவது கேட்டிருக்கவேண்டும். கீழே கேட்காது. மேலேயே கேட்டாகவேண்டும். யாரோ எழுதிய பத்தி இல்லை இது. உனக்குத் தெரிந்ததை நீ சொல்லப்போகிறாய்.

உன்னால் முடியாது என்றால் இப்போதே எழுதிவிடு. வலையே அடிக்கட்டும். முடியும் என்றால் என்ன சொல்லப்போகிறாய் என்று எழுதி அனுப்பு.

தேர்வும் உண்டு. அதில் மாற்றமில்லை.

அக்கா


செப்டம்பர் 19

அக்காவுக்கு,

தேர்வுக்குப் பதிந்துவிட்டேன்.

காற்றடிக்கும் கம்ப்ரெசர் ஓடும்போது அதற்குப் பக்கத்தில் நின்று சொல்லிப் பார்த்தேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பதால் நன்றாகவே வந்தது. காத்தண்ணன் எனக்கு முதுகு காட்டிக்கொண்டு சிலிண்டரில் வேலையாக இருந்தார். பாதியில் திடீரென்று கம்ப்ரெசரை அணைத்துவிட்டார். என் குரல் மட்டும் தனியாகக் கடைக்குள் நின்றது. அவர் திரும்பவே இல்லை. "மிச்சம்?" என்றார்.

நின்றேன். வெகுநேரம் நின்றேன். பிறகு மிச்சத்தைச் சொன்னேன். உள்ளே தைத்துக்கொண்டிருந்த அம்மா ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறாள். "நீ பேசுனா அப்பா குரல் மாதிரி இருக்குடி" என்றாள். அது எனக்குத் தெரியாது.

நான் சொல்லப்போவது இதுதான். தப்பு இருந்தால் திருத்து.

"எல்லாரும் கொஞ்சம் இங்க பாருங்க. நான் மெதுவாத்தான் பேசுவேன், கிட்ட வந்துடுங்க. கீழ ஒரு கப்பல் வலப்பக்கமாப் படுத்திருக்கு. நிமிர்ந்து நின்னப்போ வந்தவங்க யாராவது இருந்தா, அப்ப பாத்ததை இங்கயே விட்டுட்டு வாங்க. உள்ள எது செவுரு, எது தரைன்னு யோசிக்க வேணாம். உங்க மூச்சுக்குமிழ் எந்தப் பக்கம் போகுதோ அதுதான் மேல. நான் கயிறு கட்டிக்கிட்டு முன்னாடி போவேன். கயிறு உங்க இடது கையிலயே இருக்கணும். பரண்ல ஒரு பெரிய கலவா இருக்கும், அது வீட்டுக்காரர், அவரத் தொடாதீங்க. வண்டல் கிளம்பினா நகராதீங்க, நானே வருவேன். கடைசியா வர்றது எங்க அக்கா. பயமா இருந்தா அவங்களப் பிடிச்சுக்குங்க. எவ்வளவு இறுக்கிப் பிடிச்சாலும் விடமாட்டாங்க. அவங்க பின்னாடி இருக்கறதாலதான் நான் முன்னாடி போறேன்."

இதில் கடைசி வாக்கியத்தைப் படகில் சொல்லமாட்டேன். அது உனக்கு.

தங்கை